புள்ளியை வீணாக்காதே!

பிப்ரவரி இறுதியில் ஜிசிஇ மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும். அன்று தொடக்கக் கல்லூரி மண்டபத்தில் மதிப்பெண் தாளைக் கையில் வாங்கும் பிள்ளைகள் முதலில் வீட்டுக்கு அழைக்கிறார்கள். அடுத்ததாகப் பலர் திறப்பது ரெடிட்டில் இருக்கும் மாணவர் பக்கத்தை, அல்லது டெலிகிராம் குழுவை. “எனக்கு இவ்வளவு புள்ளி. இந்தப் படிப்புக்கு இடம் கிடைக்குமா?” என்ற கேள்வி அன்றிரவே குவியத் தொடங்கிவிடும். விண்ணப்பக் காலம் முடிந்து, பல்கலைக்கழகங்களின் பதிலுக்குக் காத்திருக்கும் வாரங்களிலும் அது ஓய்வதில்லை.

வாரயிறுதிகளில் நான் தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்குக் கணிதம் சொல்லித்தருகிறேன். அவர்கள் கைப்பேசியைக் காட்டிக் காட்டி, இந்தக் குழுக்களின் மொழி எனக்கும் பழகிவிட்டது. அவை பிள்ளைகளுக்கு என்ன தருகின்றன, எதை எடுத்துக்கொள்கின்றன என்பதைப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது.

வழிகாட்ட ஆள் இல்லாத வீடு

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா, அம்மா, மாமா, சித்தி என்று குடும்பமே பல்கலைக்கழகம் போன வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் சாப்பாட்டு மேசையிலேயே பதில் கிடைக்கும். குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்கப்போகும் பிள்ளை யாரிடம் கேட்கும்? உதவி நிதிக்கு எப்போது விண்ணப்பிப்பது, நேர்காணலுக்கு எப்படித் தயாராவது, சான்றிதழ்களோடு வேறு என்ன இணைப்பது என்பதையெல்லாம் என் மாணவர்களில் பலர் இந்தக் குழுக்களில்தான் கற்றுக்கொண்டார்கள். ஓராண்டு மூத்த மாணவர் ஒருவர் நள்ளிரவில் பொறுமையாகப் பதில் எழுதுகிறார். அந்த உதவியைக் குறைத்து மதிப்பிட முடியாது.

சிக்கல், தகவல் தீர்ப்பாக மாறும் இடத்தில் தொடங்குகிறது.

அது சுவர் அன்று

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் முந்தைய ஆண்டில் இடம் கிடைத்தவர்களின் மதிப்பெண் விவரத்தை வெளியிடுகின்றன. மாணவர்கள் அதை ஐஜிபி என்பார்கள். ஒவ்வொரு படிப்புக்கும் அதில் இரண்டு நிலைகள் இருக்கும். இடம் கிடைத்த 100 பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து பத்தாவதாக நிற்பவரின் மதிப்பெண் ஒன்று. தொண்ணூறாவதாக நிற்பவருடையது மற்றொன்று.

குழுக்களிலோ அந்தக் கீழ் எண்ணைக் ‘கட் ஆஃப்’ என்கிறார்கள். கணிதப்படி அது தவறு. பத்தாவது ஆளுக்குக் கீழேயும் இடம் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், ஆர்வத்தையும் அனுபவத்தையும் எடைபோடும் சேர்க்கை முறையும் நம் பல்கலைக்கழகங்களில் உண்டு.

என்னிடம் படித்த ஒரு பையன் தான் விரும்பிய பொறியியல் படிப்புக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அவனுடைய மதிப்பெண் அந்தக் கீழ் எண்ணைவிடச் சற்றுக் குறைவு. “சான்ஸே இல்ல” என்று முன்பின் தெரியாத நால்வர் எழுதியிருந்தார்கள். தேசிய சேவையில் இருந்தபடியே அடுத்த ஆண்டு அதே மதிப்பெண்ணுடன் விண்ணப்பித்தான், இடம் கிடைத்தது. தேசிய சேவை இருந்ததால் அவனுக்கு ஓராண்டு இழப்பில்லை. ஒரு பெண்பிள்ளை அப்படிப் பின்வாங்கியிருந்தால் ஓராண்டு போயிருக்கும்.

பழைய கணக்குகளும் ஆபத்தானவை. முன்பு பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளி 90க்குக் கணக்கிடப்பட்டது. 2026 சேர்க்கையிலிருந்து அது 70. மூன்று எச்2 பாடங்களுக்கு 60, பொதுத்தாளுக்கு 10. நான்காவது பாடமும் தாய்மொழியும் புள்ளியை உயர்த்தினால் மட்டுமே சேர்க்கப்படும். ஆனால், “85 இருந்தால் போதும்” என்ற பழைய பதிவுகள் இன்னும் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன.

பேசாதவர்கள்

ஆண்டுதோறும் 10,000க்கும் அதிகமானோர் மேல்நிலைத் தேர்வு எழுதுகிறார்கள். அவர்களில் மதிப்பெண்ணை இணையத்தில் போடுபவர் யார்? பெரும்பாலும் மிக நன்றாகச் செய்தவர்கள், அல்லது மிகவும் பதறிப்போனவர்கள். நடுவில் இருப்பவர்கள் வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு ‘பி’, ஒரு ‘சி’ வாங்கிய மாணவன் திரையில் ‘ஏ’க்களை மட்டுமே பார்த்து, சிங்கப்பூரிலேயே தான்தான் கடைசி என்று நினைத்துக்கொள்கிறான்.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம் பெற்றவர்களின் பெயர்களை வெளியிடுவதைக் கல்வி அமைச்சு 2012ல் நிறுத்தியது. மதிப்பெண்ணையே பெரிதாக்கும் மனப்போக்கைக் குறைப்பதே அதன் நோக்கம். அமைச்சு கழற்றிய பலகையை இப்போது பிள்ளைகளே தங்கள் கைப்பேசியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

‘வேஸ்ட்’ என்ற ஒரு சொல்

எனக்கு அதிகம் கவலை தருவது, நன்றாக மதிப்பெண் எடுத்தவர்களுக்கு நேர்வது. என் மாணவி ஒருத்திக்குச் சமூகப் பணி படிக்க ஆசை. உயர்நிலை மூன்றிலிருந்தே முதியோர் இல்லத்தில் தொண்டு செய்தவள். அவளே எதிர்பாராத அளவுக்கு மதிப்பெண் வந்தது. அடுத்த சனிக்கிழமை குழம்பிப்போய் வந்தாள்.

“அக்கா, இந்தப் புள்ளிய வச்சுக்கிட்டு சோஷியல் வொர்க் போனா வேஸ்ட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க.”

“எல்லாரும்னா யாரு?”

யோசித்தாள். “பேரு தெரியாதுக்கா. அங்க எழுதுறவங்க.”

ஆண்டு முடிவதற்குள் செலவழித்தே தீரவேண்டும் என்பதற்குப் புள்ளி ஒன்றும் சிடிசி பற்றுச்சீட்டு அன்று. மதிப்பெண் கதவைத் திறக்கும். எந்த அறைக்குள் போகவேண்டும் என்று அது சொல்லாது. “எனக்கு என்ன பிடிக்கும்?” என்ற கேள்வி, “என் புள்ளிக்கு எது கிடைக்கும்?” என்று மாறிவிடுவதுதான் இந்தக் குழுக்கள் சத்தமில்லாமல் செய்யும் வேலை. தாதிமை, சமூகப் பணி, கற்பித்தல் போன்ற துறைகளுக்குப் போகவேண்டிய எத்தனை பிள்ளைகளை அந்த ஒரு சொல் திருப்பிவிடுகிறதோ!

நான் அவளிடம் ஒன்றுதான் சொன்னேன்: அந்த வேலையைச் செய்யும் ஒருவரிடம் பேசிவிட்டு வா. குடும்பச் சேவை நிலையத்தில் பணிபுரியும் ஒருவரைப் பார்த்துப் பேசினாள். சம்பளம், களைப்பு, மனநிறைவு மூன்றையும் அவர் மறைக்காமல் சொன்னாராம். பேருந்து ஓட்டுநரான அவள் அப்பா, “நாலு வருசம் படிக்கப்போறது நீ. அப்புறம் வேலைக்குப் போகப்போறதும் நீதான்மா,” என்றிருக்கிறார். இப்போது அவள் சமூகப் பணி இரண்டாம் ஆண்டு மாணவி. கட்டுரைச் சுமையைப் பற்றிப் புலம்புகிறாள்; படிப்பைப் பற்றிப் புலம்பவில்லை.

பெற்றோர் கவனத்திற்கு

பிள்ளைகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. “அவங்க பையன் எத்தனை ஏ?” என்று கேட்கும் நம் வாட்ஸ்அப் குழுக்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. குழுவை விட்டு விலகச் சொல்லித் தடைபோட்டால் பிள்ளைகள் ஒளிந்து பார்ப்பார்கள். அதைவிட, சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். புள்ளி விவரத்தைப் பல்கலைக்கழக இணையத்தளத்திலேயே படியுங்கள். பதிவு எந்த ஆண்டுக்குரியது என்று கவனியுங்கள். தொடக்கக் கல்லூரிகளில் கல்வி, வாழ்க்கைத்தொழில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சந்திக்க நேரம் கேளுங்கள். பிள்ளை தூக்கமின்றித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால், 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால், முடிவு வந்த அன்று “எத்தனை புள்ளி?” என்று கேட்பதற்கு முன், “சாப்பிட்டியா?” என்று கேளுங்கள். “என்ன படிக்க ஆசை?” என்பதை மறுநாள் கேட்கலாம். அதற்குப் பிள்ளை சொல்லும் பதிலை முழுதாகக் கேட்க வீட்டில் ஒருவராவது இருந்தால், முகம் தெரியாதவர்களின் தீர்ப்புக்கு வேலை குறையும்.