கூடைப்பந்து வலையும் அணியின் வண்ணமும்

நூலோடு பழகியவர்கள் நூலால் ஆன எப்பொருளைக் கண்டாலும், அதன் புரி எத்தனை, முறுக்கு எப்படி, சாயம் கெட்டியா என்று பார்ப்பது வழக்கம். வேட்டியையும் சேலையையும் ஜமுக்காளத்தையும் நாம் அவ்வாறே கையில் எடுத்து ஆராய்கிறோம். ஆனால் பள்ளி மைதானத்தில் இரும்பு வளையத்தின் கீழே தொங்கும் கூடைப்பந்து வலையை அவ்வாறு ஆராய்ந்தவர் நம்மில் மிகச் சிலரே. ஏறக்குறைய ஒரு முழ நீளமுள்ள அந்த வலையும் ஒரு நூற்பண்டமே. அதற்கென ஒரு வரலாறு உண்டு. அளவு விதி உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அதற்குத் தங்கள் அணியின் வண்ணங்களை ஏற்றி அழகு செய்யும் வழக்கமும் உண்டு. அவ்வழக்கத்தைப் பற்றி நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளத்தக்க சில செய்திகளை இங்கே தொகுத்துக் கூறுவோம்.

வலை பிறந்த வரலாறு

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்பீல்டு நகரில் தோன்றியது. அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், பனிக்காலத்தில் மாணவர்கள் கூடத்துக்குள்ளேயே ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை வகுக்க முற்பட்டார். பதினெட்டு அங்குலப் பெட்டிகள் இரண்டு வேண்டும் என்று கட்டடக் காவலரிடம் கேட்டார். பெட்டிகள் அகப்படவில்லை, பீச் என்னும் பழத்தை நிரப்பும் கூடைகள் இரண்டு அகப்பட்டன. அவை மேல்மாடத்தின் கைப்பிடிச் சட்டத்தில், தரையிலிருந்து பத்தடி உயரத்தில் அறையப்பட்டன. கூடை மறைந்து வளையம் வந்த பின்னரும், ‘கூடை’ என்ற பெயரும் பத்தடி உயரமும் இன்றுவரை நிலைத்து நிற்கின்றன.

அக்கூடைகளுக்கு அடி இருந்தது. ஆகவே பந்து விழுந்தபோதெல்லாம் ஒருவர் ஏணியில் ஏறி அதை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 1893ஆம் ஆண்டில் இரும்பு வளையமும், அதில் தொங்கும் நூல் வலைப் பையும் விற்பனைக்கு வந்தன. அந்தப் பைக்கும் அடி மூடியே இருந்தது. ஒரு சங்கிலியை இழுத்தால் பந்து வெளியே உருளும். அடி திறந்த வலை 1910க்குப் பின்னரே விதிகளில் இடம்பெற்றது. அதாவது, பந்தைப் பிடித்து வைப்பதற்காகப் பிறந்த வலை, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, பந்தைக் கணப்பொழுது தடுத்து விடுவிக்கும் வலையாக மாறியது. ஆட்டத்தின் வேகம் பெருகியதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணமாகும்.

வலையின் வேலை யாது?

வலை வெறும் அலங்காரம் என்று எண்ணுவோர் உண்டு. அது சரியன்று. வளையத்தின் உள் விட்டம் 45 சென்டிமீட்டர். ஆடவர் ஆடும் பந்தின் விட்டமோ ஏறக்குறைய 24 சென்டிமீட்டர். ஆகவே நன்றாக எறியப்பட்ட பந்து வளையத்தை எங்கும் தொடாமலே உள்ளே புகுந்து போய்விடக்கூடும். வலை இல்லாத வளையத்தில், பந்து உள்ளே சென்றதா, ஓரமாக வெளியே சென்றதா என்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர் துணிந்து கூற இயலாது. சிறுவர்களின் சண்டைகளில் பாதி இதனாலேயே எழுகின்றன. வலை இருப்பின் அது அசைந்து சாட்சி கூறிவிடும். மேலும், வேகமாக வரும் பந்து வலையில் பட்டு, வேகம் தணிந்து நேர் கீழே விழும்.

இவ்வேலை செவ்வனே நடைபெறும் பொருட்டே சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு அளவுகளை வகுத்துள்ளது. வலை வெள்ளைக் கயிற்றால் ஆனதாக இருக்க வேண்டும். நீளம் 40 முதல் 45 சென்டிமீட்டர். வளையத்தில் மாட்டுவதற்குப் பன்னிரண்டு கண்ணிகள். மேற்பகுதி சற்று விறைப்பாக இருத்தல் வேண்டும். விறைப்பில்லையெனில் வலை மேலே புரண்டு வளையத்தில் சிக்கிக்கொள்ளும். பந்தும் அதில் அகப்பட்டு நின்றுவிடும். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டங்களை நடத்தும் என்.பி.ஏ. சங்கத்தின் விதியும் வெள்ளைக் கயிற்று வலையையே கேட்கிறது.

ஆகவே ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இவ்விதிகளின்படி நடைபெறும் போட்டிகளுக்கு வண்ண வலை ஏற்றதன்று. வண்ண வலைக்கு உரிய இடங்கள், வீட்டு முற்றம், பயிற்சித் திடல், தெருவோர மைதானம், பள்ளி விழா முதலியவையே.

வண்ணம் ஏறிய விதம்

1967 முதல் 1976 வரை அமெரிக்காவில் ஏ.பி.ஏ. என்ற மற்றொரு தொழில்முறைச் சங்கம் இயங்கி வந்தது. அதன் முதல் ஆணையரான ஜார்ஜ் மைக்கன், பழுப்பு நிறப் பந்துக்குப் பதிலாகச் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூவண்ணப் பந்தைக் கொண்டுவந்தார். முதலில் இதை நகைத்தவர் பலர். ஆனால் சிறுவர்கள் அதைப் பெரிதும் விரும்பினர். அதே மூன்று வண்ணங்கள் பட்டை பட்டையாக அமைந்த வலையை இன்றும் அந்நாட்டின் வீட்டு முற்றங்களிலும் பூங்காக்களிலும் காணலாம்.

ஒவ்வோர் அணிக்கும் அதற்கே உரிய வண்ணங்கள் உண்டு. பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்குப் பச்சையும் வெள்ளையும்; லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்கு ஊதாவும் பொன்னிறமும்; சிகாகோ புல்ஸ் அணிக்குச் சிவப்பும் கறுப்பும். கோயில் கொடியைக் கண்டவுடன் ஊர் அறிவது போல, வலையின் நிறத்தைக் கண்டவுடன் அந்த வீட்டுப் பிள்ளைகள் எந்த அணியின் பக்கம் என்பது அங்கே விளங்கிவிடும்.

வெற்றியின் அடையாளமாகவும் வலை விளங்குகிறது. வட கரோலினா மாநிலக் கல்லூரியின் பயிற்சியாளர் எவரெட் கேஸ், 1947இல் தம் அணி வெற்றி வாகை சூடியபோது, இண்டியானா மாநிலத்தில் தாம் கண்டிருந்த வழக்கத்தைப் பின்பற்றி வலையை அறுத்தெடுக்கச் செய்தார். அதன் பின்னர் கல்லூரி அணிகளிடையே அது மரபாகிவிட்டது. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஏணியில் ஏறி, ஓர் இழையை வெட்டிப் பிரசாதம் போல் எடுத்துக்கொள்கிறார்கள். சில ரூபாய் பெறுமானமுள்ள கயிற்றுத் துண்டை ஆயுள் முழுதும் பாதுகாப்போர் உண்டு.

பன்னிரண்டின் கணக்கு

அணியின் சின்னத்தை வலையில் தீட்டலாமா என்று சிலர் கேட்கலாம். வலையில் நூலைவிடத் துளையே மிகுதி. அதில் உருவம் நிற்காது. உருவத்துக்கு உரிய இடம் பின்னால் உள்ள பலகை. அன்றியும், அணிகளின் பெயரும் சின்னமும் அவர்களுடைய உடைமை. அனுமதியின்றி அவற்றைப் பொறித்து விற்பது முறையன்று. வலையில் பேசத்தக்கது வண்ண வரிசை ஒன்றே.

இங்கேதான் பன்னிரண்டு என்ற எண்ணின் சிறப்பை உணர்கிறோம். அது இரண்டாலும், மூன்றாலும், நான்காலும், ஆறாலும் மீதியின்றி வகுபடும். இரண்டு வண்ண அணியாயின் ஆறு கண்ணிக்கு ஒரு வண்ணம். மூன்று வண்ணமாயின் நான்கு கண்ணிக்கு ஒன்று. நான்காயின் மூன்று கண்ணிக்கு ஒன்று. ஐந்து வண்ணம் மட்டும் இக்கணக்கில் அடங்காது. வளையத்தின் சுற்றளவு ஏறக்குறைய 141 சென்டிமீட்டர் ஆதலின், ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையே பன்னிரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி அமையும்.

வண்ணத்தை இரு விதமாக அமைக்கலாம். கண்ணிதோறும் கயிற்றின் நிறத்தை மாற்றினால், கயிறுகள் குறுக்கும் நெடுக்கும் சென்று கட்டம் போன்ற தோற்றம் தரும். வரிசைதோறும் நிறத்தை மாற்றினால், வலையைச் சுற்றிப் பட்டைகள் அமையும். பின்னிய முறையில், கயிறு மாறும் இடத்து முடிச்சு நன்கு இறுகியிருத்தல் இன்றியமையாதது. நுனி தொங்கினால் பந்தின் உரசலில் அது நாளடைவில் அவிழ்ந்துவிடும். வலை கீழே செல்லச் செல்லக் குறுக வேண்டும். அதற்காகக் கண்களின் எண்ணிக்கையைக் குறைக்காமல், கண்களின் அளவைச் சிறிது சிறிதாகச் சுருக்குவது நலம். அப்போதுதான் பன்னிரண்டின் வண்ண வரிசை அடிவரை கலையாது.

அடிப்பகுதிக்கு வெளிர் நிறம் வைத்தல் தகும் என்பது நம் கருத்து. பந்து வெளியேறும்போது மிகுதியாக அசைவது அப்பகுதியே. அங்கே கறுப்பு வைத்தால் மாலை வெளிச்சத்தில் வலை கண்ணுக்குப் புலப்படாமற் போகும். சாட்சி சொல்ல வேண்டிய வலை வாய்மூடி நின்றுவிடும்.

நூலும் சாயமும்

திறந்த வெளியில் தொங்கும் வலைக்கு வெயிலும் மழையுமே பகை. பருத்திக் கயிறு முடிச்சை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், கையாளவும் எளிது. ஆனால் மழையில் நனைந்து காயாமல் இருந்தால் பூசணம் பற்றி இற்றுப்போகும். நைலான் வலிமை மிக்கது. எனினும் நீண்ட நாள் கடும் வெயில் பட்டால் அதன் வலிமை குன்றும். வெயிலைத் தாங்குவதில் பாலியெஸ்டர் நைலானைவிட மேலானது. கம்பளி நூல் பார்வைக்கு அழகாயினும், நனைந்தால் தொய்ந்து பந்தை இடையிலேயே நிறுத்திவிடும்.

பருத்தியில் சாயமிடுவோர் கெட்டிச் சாயத்தையே நாட வேண்டும். நேரடிச் சாயம் சில மழைக்குள் வெளுத்து, சிவப்பு வெள்ளையில் இறங்கி, வலை முழுதும் ஒரே மங்கல் நிறமாகிவிடும். வாட் சாயம் செலவு மிகுந்ததாயினும் வெயிலையும் நீரையும் தாங்கும். செயற்கை இழையாயின், இழையாக இழுக்கப்படும் முன்னரே நிறம் கலக்கப்பட்ட கயிறு எளிதில் வெளுப்பதில்லை. நிறம் போன அணி வலையைவிட நிறமே ஏறாத வெள்ளை வலை மேலானது.

வெற்று வளையங்கள்

அமெரிக்க நகரங்களின் பொது மைதானங்களில் வலையற்ற வளையங்கள் பல உண்டு. வலை கிழிந்தால் மாற்றுவார் இல்லை. சில இடங்களில் கிழியாதிருக்கும் பொருட்டு இரும்புச் சங்கிலி வலையை மாட்டிவிடுகிறார்கள். அது நெடுங்காலம் உழைக்கும். ஆனால் துருப்பிடிக்கும், குதிக்கும் சிறுவர்களின் விரலையும் சிக்க வைக்கும். எல்லோருக்கும் பொதுவான இடம் எவருக்கும் உரியதன்று என்றாகிவிடும் குறையை நாம் நம் ஊர்களிலும் அறிவோம்.

இக்குறைக்கு ஒரு விடையாக, பாஸ்டன் நகரக் கலைஞர் மரியா மால்டேனி, 2010ஆம் ஆண்டையொட்டிக் கைவினைஞர் குழு ஒன்றைத் தொடங்கினார். குரோஷா ஊசியாலும் கை முடிச்சாலும் பல வண்ண வலைகளைப் பின்னி, வெற்று வளையங்களில் மாட்டுவதே அக்குழுவின் பணி. வலை பின்னும் முறையைப் பிறருக்குக் கற்பித்தனர். அதற்கென ஒரு நூலும் வெளியிட்டனர். ஊசி பிடிக்கும் கையும் பந்து பிடிக்கும் கையும் அங்கே ஒரே இடத்தில் கூடின.

இம்முயற்சியில் நாம் கவனிக்கற்பாலது யாதெனில், வண்ணம் அங்கே வெறும் ஒப்பனையாக நிற்கவில்லை என்பதே. கடையில் வாங்கிய வெள்ளை வலை கிழிந்தால், யாராவது மாற்றட்டும் என்று விட்டுவிடத் தோன்றும். தாமே நிறம் தேர்ந்து, தாமே பின்னி மாட்டிய வலை கிழிந்தால், அதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்க மனம் வராது. நிறம் உரிமையைக் காட்டுகிறது. உரிமை பராமரிப்பைக் கொணர்கிறது.

நாம் கொள்ளத்தக்கது

இந்த ஆட்டம் நம் நாட்டுக்கும் புதிதன்று. 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி, நெய்ஸ்மித் பணியாற்றிய அதே இயக்கத்தைச் சேர்ந்ததேயாகும். நம் பள்ளிகள் பலவற்றிலும் வளையம் உண்டு. வலை உள்ளதா என்பதை ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் பார்த்துக்கொள்ளலாம்.

வண்ண வலையால் பெரும் வருவாய் வரும் என்று நாம் ஆசை காட்டவில்லை. ஒரு வளையத்துக்கு ஒரு வலை, அவ்வளவே தேவை. ஆனால் முடிச்சும் சாயமும் அறிந்தவர்கள் வாழும் ஊரில், பிள்ளைகள் வெற்று வளையத்தில் பந்தெறிந்து, விழுந்ததா இல்லையா என்று வாதிட்டுக்கொண்டிருத்தல் அழகன்று. பள்ளி ஆசிரியரைக் கேட்டு வளையத்தை அளந்து, பிள்ளைகளைக் கேட்டு நிறத்தைத் தேர்ந்து, கெட்டிச் சாயக் கயிற்றில் பன்னிரண்டு கண்ணி வைத்து ஒரு வலை பின்னிக் கொடுப்பது ஒருவர் ஓய்வு நேரத்தில் செய்யக்கூடிய வேலையே. அதனுடன் ஒரு வெள்ளை வலையும் பின்னிக் கொடுத்துவிடுங்கள்; போட்டி நாளில் அது தேவைப்படும்.