உங்களுக்குத் தெரியுமா? ஓர் இடைச்சொல்லே ஊரைக் காட்டிக்கொடுத்தது

‘டோக்கியோவுக்கு’ என்பதில் வரும் ‘கு’வைப் போன்ற இடைச்சொல்லை வைத்தே ஒரு ஜப்பானியர் எந்தப் பக்கத்துக்காரர் என்று ஒரு காலத்தில் சொல்லிவிடலாம். கியோட்டோவில் ‘எ’, கியூஷூவில் ‘நி’, கிழக்கே கான்டோவில் ‘சா’. இதற்கென ஒரு சொலவடையே இருந்தது. போர்ச்சுகீசியப் பாதிரியார் ஜுவாவ் ரொட்ரீகஸ், 1604–1608இல் நாகசாகியில் அச்சான தம் ஜப்பானிய இலக்கண நூலில் அதைக் குறித்துவைத்தார்.

• ‘சா’ இன்னும் வழக்கொழியவில்லை. வடகிழக்கே தோஹோகு பேச்சில் புழங்குகிறது. யோஷி இகுசோ 1984இல் பாடிய ‘ஓரா டோக்கியோ சா இகுதா’ பாட்டின் தலைப்பிலேயே இருக்கிறது.

• இன்றைய பொதுவழக்கில் ‘நி’ சேருமிடத்தையும் ‘எ’ திசையையும் சுட்டும். ‘இகு’ (போ) என்ற வினையோடு பெரும்பாலும் இரண்டில் எதையும் போடலாம். ஆனால் ‘அம்மாவுக்கு எழுதிய கடிதம்’ என்றால் ‘ஹஹா எ நோ தெகாமி’தான், ‘நி’யை அடுத்துப் பெயரோடு பெயரை இணைக்கும் ‘நோ’ வராது.

• ‘எ’ என ஒலித்தாலும் எழுதுவது ‘ஹெ’ எழுத்தில். உச்சரிப்புக்கேற்ப எழுத்தைத் திருத்திய 1946ஆம் ஆண்டுச் சீர்திருத்தமும் இதை விட்டுவைத்தது.

• வானில் பறக்க, பாலத்தைக் கடக்க ‘நி’, ‘எ’ இரண்டும் உதவா. கடந்துபோகும் வெளிக்குச் செயப்படுபொருளின் ‘ஓ’ வரும்: ‘சோரா ஓ தொபு’.