காலங் கடந்த வழக்கு

பிறனொருவனுடைய அஜாக்கிரதையால் கையையோ காலையோ இழந்தவனுக்கு நஷ்ட ஈடு பெறும் உரிமை உண்டென்பதை யாவரும் அறிவர். அவ்வுரிமைக்கும் ஓர் ஆயுள் உண்டென்பதை அறிந்தோர் சிலரே.

நியாயத்திற்குக் கெடு எற்றுக்கு என்று வினவலாம். ஆண்டுகள் செல்லச் செல்லச் சாட்சிகள் இறப்பர், இருப்போரும் கண்டதை மறப்பர், பத்திரங்கள் அழியும். அந்நிலையில் உண்மையைக் காண்டல் அரிது. ஒருவன் தன் வாழ்நாள் முழுவதும் வழக்கிற்கு அஞ்சியிருத்தலும் முறையன்று. ஆதலின், காலங் கடந்த வழக்கைப் பிரதிவாதி ஆட்சேபியாவிடினும் நீதிமன்றம் தள்ளிவிட வேண்டுமென்று, இந்தியாவின் 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு விதிக்கின்றது.

கெடு எல்லா வழக்கிற்கும் ஒன்றன்று. விபத்தில் மாண்டவருக்காக 1855-ஆம் ஆண்டு மரண விபத்துச் சட்டப்படி தொடுக்கும் வழக்கிற்கு, இறந்த நாள் முதல் 2 ஆண்டு. ரயில் விபத்திற்கு ரயில்வே தீர்ப்பாயத்தில் 1 ஆண்டு. வைத்தியரின் தவற்றைக் குறித்து நுகர்வோர் ஆணையத்தில் முறையிட 2 ஆண்டு. பின்னிரண்டிலும் தக்க காரணங் காட்டினால் தாமதம் பொறுக்கப்படலாம். மைனருக்குச் சட்டம் இரங்குகின்றது. சிவில் வழக்கில் அவனுக்குரிய கெடு, அவன் மேஜரான பின்னரே கணக்கிடப்படும்.

மோட்டார் விபத்தின் சரித்திரம் விந்தையானது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 6 மாதக் கெடு வைத்து, தக்க காரணமிருப்பின் 12 மாதம் வரை பொறுத்தது. காயமுற்ற ஏழைகள் பலர் இதனால் உரிமையிழந்தமையின், 1994-இல் அக்கெடு நீக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தமோ, 2022 ஏப்ரல் 1 முதல் 6 மாதக் கெடுவை மீண்டும் கொணர்ந்தது. தாமதத்தைப் பொறுக்கும் வாசகம் அதில் இல்லை. இதனை எதிர்த்தெழுந்த வழக்கில், தாமதத்தைக் காட்டி மனுக்களைத் தள்ளலாகாதென்று உச்ச நீதிமன்றம் 2025-இல் இடைக்கால உத்தரவிட்டது. எனினும் இடைக்கால உத்தரவை நம்பிக் காலம் போக்குதல் விவேகமன்று.

“கிரிமினல் கேஸ் முடியட்டும்”, “எதிர்க்கட்சியார் சமாதானம் பேசுகின்றனர்”, “புண் ஆறட்டும்” என்பனவே மக்கள் காத்திருப்பதற்குக் கூறும் காரணங்கள். இவற்றுள் எதுவும் கெடுவை நிறுத்தாது. விபத்து நேர்ந்த குடும்பம் துயரிலும் வைத்தியச் செலவிலும் மூழ்கியிருக்கும். நாளை எண்ண அவர்க்கு நினைவேது? ஆதலின், கற்ற மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் அத்தகையோரைக் காணின், முதல் மாதத்திலேயே வக்கீலிடமோ, இலவச சட்ட உதவி மையத்திற்கோ அழைத்துச் செல்வாராக. பிறர்க்கு நாம் செய்யும் உதவிகளுள் இஃது எளியது, பயனோ பெரிது.