மறுபடியும் வந்துவிட்டாரா?

அவசர சிகிச்சைப் பிரிவின் கதவு இரவு பகலாகத் திறந்தே இருக்கும். காசு கேட்க மாட்டார்கள். முன்கூட்டியே நம்பர் எடுக்கத் தேவையில்லை. கொட்டாஞ்சேனையில் இருப்பவர்கள் பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கு ஓடுவார்கள். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் களுபோவில பக்கம். 2016இல் சுவசெரிய சேவை தொடங்கிய பின் 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸும் இலவசமாக வருகிறது. மூச்சு முட்டும் நேரத்தில் போக ஓர் இடம் இருக்கிறது என்ற தைரியம் எத்தனையோ நாடுகளில் ஏழைகளுக்கு இல்லை.

அந்தக் கதவால் ஒரே ஆள் ஒரே மாதத்தில் ஐந்தாறு தடவை வந்தால் உள்ளே வேலை செய்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

என் சாச்சி அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் தாதிய உத்தியோகத்தர். அவசரப் பிரிவில் சில வருடங்கள் இருந்தவர். அடிக்கடி வருபவர்கள் யார் யாரென்று அவரிடம் கேட்டேன். முட்டு வருத்தத்துக்கு நெபுலைசர் பிடிக்க வருபவர், குடித்துவிட்டு விழுந்து தலையை உடைத்துக்கொண்டு வருபவர், இன்சுலின் அளவைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றிவிட்டு மயங்கி வருபவர் (நோன்பு காலத்தில் இது கூடுமாம்), எத்தனை ஈசிஜி எடுத்தும் ஒன்றும் தெரியாத நெஞ்சுவலிக்காரர், வீட்டில் கதைக்க ஆளில்லாத முதியவர். பலர் சாதுவானவர்கள். சிலர் கத்துவார்கள், ஏசுவார்கள், கொடுக்கிற மருந்தைத் தட்டிவிடுவார்கள். பிறகு சாச்சி சொன்னதை அவருடைய பேச்சிலேயே தருகிறேன்:

“அந்த ஆள் உள்ளுக்கு வாற நேரம் நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவோம் மகள். அதுக்காக ப்ரெஷர் பாக்காம உட்டதில்ல. ஆனா மத்தவங்களுக்கு ப்ரெஷர் பாக்கிற நேரம் ரெண்டு வார்த்தை கதைப்போம். அவரோட கதைக்க மாட்டோம்.”

அந்த இரண்டு வார்த்தைகள் சின்ன விடயமாகத் தெரியலாம். ஆனால் நோயைப் பற்றிய பாதித் தகவல் அதற்குள்தான் வெளிவருகிறது. “இன்றைக்கு வேறு மாதிரி வலிக்கிறது” என்று அவர் சொல்வதற்கு இடமில்லாமல் போகிறது.

நெதர்லாந்தில் றொட்டர்டாம் நகர ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில் குடும்ப வைத்தியத்துறையில் பயிற்சி பெறும் 63 டொக்டர்கள் பங்குபற்றினார்கள். ஒரே நோயை இரண்டு விதமாக எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றில் நோயாளி சாதாரணமாக நடந்துகொள்கிறார். மற்றதில் சண்டை பிடிக்கிறார், அதட்டுகிறார், டொக்டரின் திறமையைச் சந்தேகிக்கிறார். நோய் ஒன்றேதான், அடையாளங்களும் அவையேதான். இருந்தும் தொல்லை கொடுக்கும் நோயாளியின் விடயத்தில் பிழையான முடிவுகள் கூடின. இலகுவான நோய்களில் 6 சதவீதம், சிக்கலான நோய்களில் 42 சதவீதம் என்ற கணக்கில் கூடியிருந்தன. காரணம் டொக்டர்கள் பழிவாங்கினார்கள் என்பதல்ல. இன்னொரு ஆய்வில், இப்படிப்பட்ட நோயாளிகளின் நடத்தைதான் டொக்டர்களின் நினைவில் கூடுதலாக நின்றது. நோயின் அடையாளங்கள் குறைவாகவே நின்றன. சண்டையைச் சமாளிக்கவே மூளையின் பலம் செலவாகிவிடுகிறது. கத்துகிற நோயாளி தன்னையறியாமல் தன் சிகிச்சையையே கெடுத்துக்கொள்கிறார். பெற்றோர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகும் நாம் வாசலில் போடுகிற சண்டையும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

வைத்திய உலகம் இதை நெடுங்காலம் வாய்விட்டுச் சொல்லவில்லை. 1978இல் பொஸ்டன் நகரின் மனநல வைத்தியர் ஜேம்ஸ் குரோவ்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். வெறுப்பூட்டும் நோயாளியைப் பராமரித்தல் என்பது அதன் தலைப்பின் பொருள். விடாமல் ஒட்டிக்கொள்பவர், அதிகாரமாகக் கேட்பவர், எந்த மருந்தும் பலிக்கவில்லை என்று திரும்பத் திரும்ப வருபவர், தன்னையே அழித்துக்கொள்பவர் என்று நான்கு வகையினரைப் பற்றி அதில் பேசினார். இந்தப் பெயர்கள் எனக்குப் பிடிக்கவில்லை, மனிதர்களுக்கு ஒட்டும் லேபல்கள் மாதிரி இருக்கின்றன. ஆனால் அவர் சொன்ன கருத்து முக்கியமானது. வைத்தியருக்கும் தாதிக்கும் எரிச்சல் வரும். அதை மறைத்து வைத்தால் அது சிகிச்சைக்குள் புகுந்து கெடுக்கும். வந்திருக்கிறது என்று ஒத்துக்கொண்டால் அதுவே நோயாளியைப் பற்றிய ஒரு தகவலாகிவிடும். சாச்சியின் பிரிவில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருவருக்குக் கோபம் வந்தால் சத்தமில்லாமல் இன்னொருவரோடு இடம் மாறிக்கொள்வார்கள். அடிக்கடி வரும் ஆளோடு முடிந்தவரை ஒரே தாதி கதைப்பார். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டிவரும் என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார்கள். வாசலில் நடக்கும் சண்டைகளில் பாதி, “எனக்குப் பிறகு வந்தவரை ஏன் முதலில் எடுத்தீர்கள்” என்பதுதானே. அங்கே வந்த ஒழுங்கில் பார்ப்பதில்லை, உயிராபத்தின் ஒழுங்கில்தான் பார்ப்பார்கள் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். அதற்காக ஒரு தாதியின் மேல் கை வைப்பதை எந்த நோயும் நியாயமாக்காது.

கொழும்பில் இதனோடு மொழியும் சேர்கிறது. 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கடமையில் இருப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நெஞ்சு எரிவது, நெஞ்சு அடைப்பது, நெஞ்சில் குத்துவது என்று தமிழில் மூன்று விதமாகச் சொல்வோம். மூன்றுக்கும் மூன்று காரணங்கள் இருக்கலாம். கூடப்போன பிள்ளை அவசரத்தில் மூன்றையும் ‘பப்புவ ரிதெனவா’ என்று ஒன்றாக்கிவிடும். சொன்னது போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் நோயாளி சத்தத்தைக் கூட்டுவார். உள்ளே இருப்பவருக்கு அது சண்டையாகக் கேட்கும்.

சரி, திரும்பத் திரும்ப வருவதையே நிறுத்த முடியாதா? அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்தின் கெம்டன் என்ற ஏழை நகரில் ஜெஃப்ரி பிரென்னர் என்ற டொக்டர் வைத்தியசாலைக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். நோயாளிகளில் வெறும் 1 சதவீதத்தினர் செலவில் 30 சதவீதத்தை எடுத்திருந்தார்கள். அந்த ஒரு சிலரின் வீட்டுக்கே தாதியரும் சமூக சேவையாளர்களும் போய், மருந்து ஒழுங்காகப் போடுகிறார்களா, கிளினிக் போகிறார்களா என்று கூடவே இருந்து பார்த்தார்கள். வருகை குறைந்தது. உலகமே பாராட்டியது. பிறகு 800 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து முறையாகச் சோதித்த முடிவு 2020 ஜனவரியில் வெளிவந்தது. உதவி கிடைத்த குழுவில் 180 நாட்களுக்குள் மறுபடி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்கள் 62.3 சதவீதம். கிடைக்காத குழுவில் 61.7 சதவீதம். ஏறக்குறைய ஒன்றுதான். மிக மோசமான நிலையில் இருக்கும்போது சேர்க்கப்பட்டவர்களில் பலர், உதவி இல்லாவிட்டாலும் நாளடைவில் கொஞ்சம் தேறுவார்கள் என்பதை முதல் கணக்கு கவனிக்கவில்லை. வீடில்லாதவருக்கும் குடியை விட முடியாதவருக்கும் சில மாதத் துணை போதவில்லை.

இதைப் படித்து எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு எங்கள் லேனையே யோசித்தேன். கொட்டாஞ்சேனையில் எங்களுக்குப் பக்கத்து வீட்டு மாமி மழைக்காலத்தில் அடிக்கடி நெபுலைசருக்குப் போவார். அவருடைய அலுமாரியில் பிரவுண் நிறப் பம்ப் பெட்டி உடைக்காமலே இருந்தது. பம்ப் எடுத்தால் அதற்கே அடிமையாகிவிடுவோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மை வேறு. நெபுலைசரில் கொடுக்கும் சல்பியூட்டமோல் சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில மணி நேரத்துக்கு விரிக்கும். நீல நிறப் பம்பில் இருப்பதும் அதே மருந்துதான். ஆனால் குழாயின் உள்ளே இருக்கும் வீக்கத்தை அது குறைக்காது. அந்த வேலையைப் பிரவுண் பம்ப்தான் செய்கிறது. சுகமாக இருக்கும் நாளிலும் தினமும் எடுக்க வேண்டும், எடுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு நெபுலைசரை மட்டும் நம்பினால் அடுத்த வாரமும் போக வேண்டியதுதான்.

இன்னொரு காரணத்தைச் சொன்னால் சில உம்மாமாருக்குக் கோபம் வரலாம். பெண் பிள்ளைக்கு முட்டு இருப்பது வெளியே தெரிந்தால் கலியாணப் பேச்சு குழம்பும் என்று பம்பை ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு. பிள்ளை வகுப்பில் மூச்சுத் திணறும்போது பம்ப் வீட்டு லாச்சியில் இருக்கும். பிறகு இரவில் அவசரப் பிரிவு, மறுபடியும் அதே தாதி, அதே பார்வை.

பம்பை நேராக வாயில் அடித்தால் மருந்தில் பெரும் பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும். ஸ்பேசர் என்ற குடுவையைப் பொருத்தினால் நுரையீரலுக்குப் போகும். தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் சாதாரண 500 மில்லிலீட்டர் பிளாஸ்டிக் போத்தலையே ஸ்பேசராக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, அதுவும் நன்றாக வேலை செய்வதை 1999இல் வெளியான ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். கிளினிக்கில் கேட்டால் பிடிக்கும் முறையைச் செய்தே காட்டுவார்கள்; கிளினிக் கொப்பியோடு பம்பையும் கொண்டுபோக வேண்டும். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால், அல்லது உதடு நீலமானால் மட்டும் எதையும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நீலப் பம்பை எடுத்துக்கொண்டே 1990க்கு அழைக்க வேண்டும், அது அந்த மாதத்தின் ஏழாவது தடவையாக இருந்தாலும்.