பொம்மையோடு விமானம் ஏறுமுன்

2013 டிசம்பரில் அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் விமான நிலையத்தில் ஒரு குரங்கின் துப்பாக்கி பறிபோனது. குரங்கு, காலுறைத் துணியில் தைத்த பொம்மை. துப்பாக்கி, அதற்கென்று செய்த இரண்டு அங்குல விளையாட்டுச் சாமான். பொம்மைகளைத் தைத்து விற்கும் பெண்மணி ஒருவர் அதைக் கைப்பையில் கொண்டுபோனார். துப்பாக்கி போலத் தோன்றும் எதுவும் பயணியர் பகுதிக்குள் போகக்கூடாது என்று பாதுகாப்பு அதிகாரி அதை எடுத்துக்கொண்டார். குரங்கு மட்டும் விமானம் ஏறியது.

அதற்கு முன்பு, 2011இல், லண்டன் கட்விக் விமான நிலையத்தில் ஒரு பொம்மைச் சிப்பாய்க்கும் இதே கதி. ஒன்பது அங்குலச் சிப்பாயின் கையிலிருந்த மூன்று அங்குலத் துப்பாக்கியைக் கழற்றித் தனியாகத் தபாலில் அனுப்பிய பிறகே, கனடாவிலிருந்து வந்த தம்பதியர் சிப்பாயைக் கொண்டுபோக முடிந்தது.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மட்டக்களப்பின் வந்தாறுமூலையிலிருந்து இரவு பஸ் ஏறி, முந்நூறு கிலோமீட்டர் அளவு கடந்து கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குபவருக்கு இது சிரிப்புக் கதை அல்ல. சோதனை வாசலில் ஒரு பொருளை வேண்டாம் என்றுவிட்டால், திருப்பிக் கொடுத்தனுப்பப் பக்கத்தில் ஆள் இருக்காது. மகனைப் பார்க்க அவுஸ்திரேலியா போகும் பெரியவர், கட்டாரிலிருந்து பிள்ளைக்குப் பாவைப்பிள்ளை வாங்கிவரும் தாய், நவராத்திரிக்குச் சென்னையில் கொலுப் பொம்மை வாங்கித் திரும்பும் குடும்பம், வெளிநாட்டு மேடைக்குப் போகும் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் என்று பொம்மையோடு பறப்பவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர். வீட்டில் அது விளையாட்டுச் சாமான். விமான நிலையத்தில் ஆயுதமாகவும், மின்கலப் பொருளாகவும், தாவரமாகவும், தொல்பொருளாகவும், கடத்தல் பையாகவும்கூடப் பார்க்கப்படும்.

சோதனை வாசலில்

துப்பாக்கி, வாள், கைக்குண்டு ஆகியவற்றின் போலி வடிவங்களைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது. அளவு சிறிதா, பிளாஸ்டிக்கா என்பது அதிகாரியின் கேள்வி அல்ல. கூத்துக்காரரின் மரவாளும் வில்லும் அம்பும் இதில் அடங்கும். அவற்றைச் சரக்கறைக்குப் போகும் பெரிய பொதியில் வைக்க வேண்டும். போலித் துப்பாக்கியானால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பேசும், பாடும், நடக்கும் பொம்மைகளில் சிக்கல் மின்கலத்தால் வருகிறது. உதிரி லித்தியம் மின்கலமும் பவர் பேங்க்கும் பெரிய பொதியில் போகவே கூடாது. கைப்பையில்தான் வர வேண்டும். பொதுவான வரம்பு 100 வாட்-மணி. உதிரி மின்கலத்தின் முனைகளை ஒட்டுநாடாவால் மூடிவிட வேண்டும். பொம்மைக்குள்ளேயே மின்கலம் இருந்தால் ஆளியை முழுதாக அணைக்க வேண்டும், தற்செயலாக அமுங்காதபடி சுற்றியும் வைக்க வேண்டும். மூடிய பெட்டிக்குள்ளிருந்து திடீரென்று அழுகைச் சத்தம் கேட்டால் அந்தப் பெட்டி விமானத்துக்குப் போகாமல் சோதனைக்குத்தான் போகும். உள்ளே தண்ணீர் அடைத்த கண்ணாடிப் பொம்மை கைப்பையில் வந்தால், பல விமான நிலையங்களில் 100 மில்லிலீற்றர் திரவ விதி பொருந்தும்.

துணிப் பொம்மையில் பஞ்சு இறுக்கமாக அடைத்திருந்தால் கதிர்ப்படத்தில் அது கருமையான கட்டியாகத் தெரியும். அப்போது அதிகாரி ஒரு சிறு துணித்துண்டால் பொம்மையின் மேற்புறத்தைத் துடைத்து, அந்தத் துண்டை ஒரு கருவிக்குள் செருகுவார். வெடிமருந்துத் தடயம் இருக்கிறதா என்று சில விநாடிகளில் தெரிந்துவிடும். பிள்ளை கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாலும் பொம்மை பட்டியில் தனியாகத்தான் போக வேண்டும். இதை வாசலில் வைத்துச் சொன்னால் பிள்ளை அழும். வீட்டிலேயே சொல்லிவைத்தால் அழுகை மிச்சம். பச்சைக் குழந்தை போலவே செய்த சிலிக்கோன் பொம்மையைக் கையில் ஏந்திப் போகிறவர்கள் அதிகாரி கேட்பதற்கு முன் தாங்களே சொல்லிவிட வேண்டும்.

இங்கே பயணிக்கு என்ன உரிமை? தடைசெய்யப்பட்ட பொருளைக் கையளிக்குமுன், வேறு வழி உண்டா என்று கேட்கலாம். நேரம் இருந்தால் பெரிய பொதியில் சேர்க்கவோ, வழியனுப்ப வந்தவரிடம் கொடுக்கவோ அனுமதி கிடைக்கலாம். கையளித்துவிட்டால் நட்டஈடு கேட்க முடியாது.

அடுத்தவர் தந்த பார்சல்

ஊரில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் நாலு வீட்டிலிருந்து பார்சல் வரும். திரும்பி வரும்போதும் அப்படித்தான். அதில் ஒரு பொம்மை இருப்பது யாருக்கும் உறுத்தாது. கடத்தல்காரருக்கு அதுதான் வசதி. ஐரோப்பாவிலிருந்து இலங்கைக்கு வந்த தபால் பொதிகளில், விளையாட்டுப் பொருட்களுக்குள் ஒளித்த போதை மாத்திரைகளைச் சுங்கத்தினர் பிடித்ததுண்டு.

2025 மே மாதம் பாங்கொக்கிலிருந்து கட்டுநாயக்க வந்த 21 வயதுப் பிரித்தானியப் பெண்ணின் பெட்டிகளில் 46 கிலோ ‘குஷ்’ கஞ்சா அகப்பட்டது. அது இருந்ததே தனக்குத் தெரியாது என்றார் அவர். அப்படிச் சொன்னதால் கைது நிற்கவில்லை. இலங்கைச் சட்டத்தில் 2 கிராம் ஹெரோயினே மரண தண்டனைக்கோ ஆயுள் சிறைக்கோ போதும். 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 5 கிராம் ‘ஐஸ்’ஸையும் அதே பட்டியலில் சேர்த்தது. 1976க்குப் பின் நாட்டில் யாரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும், சிறைவாசம் சிறைவாசம்தான்.

ஆகவே பிறர் தரும் பொம்மையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கடைப் பெட்டியின் ஒட்டுநாடா மேல் இன்னொரு ஒட்டுநாடா, முதுகுத் தையலில் மட்டும் வேறு நிற நூல், அளவுக்கு மீறிய கனம், பசை வாடை, அமுக்கினால் பஞ்சுக்குள் கட்டி என்று எதைக் கண்டாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தந்தவர் மனம் கோணினால் கோணட்டும். வாங்கினால் தந்தவரின் பெயர், தொலைபேசி இலக்கம், அனுப்பிய குறுஞ்செய்தி, பொம்மையின் படம் எல்லாம் கைத்தொலைபேசியில் இருக்க வேண்டும். ஒரே மாதிரிப் பொம்மை பத்துப் பதினைந்து கொண்டுவந்தால் அது பரிசுப்பொருளாகக் கருதப்படாது. வியாபாரச் சரக்கு என்று சுங்கத்தினர் தீர்வை கேட்பார்கள். பொருளை அறிவிப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய்த் தானே சொல்லிவிடுவது பாதுகாப்பு.

சுங்கத்தினர் பொம்மையைத் தடுத்துவைத்தால் பற்றுச்சீட்டு வாங்காமல் நகரக் கூடாது. கைப்பற்றப்பட்ட பொருளுக்கு உரிமை கோருவதாகப் பணிப்பாளர் நாயகத்துக்கு எழுத்தில் அறிவிக்க, சுங்கக் கட்டளைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு ஒரு மாத அவகாசமே தருகிறது. அந்த மாதம் கழிந்தால் பொருள் அரசுடைமை.

இறங்கும் நாட்டின் சட்டம்

மட்டக்களப்பிலிருந்து வளைகுடா போகும் பெண்கள் மிகக் கவனிக்க வேண்டிய இடம் இது. பிள்ளையார் பொம்மையோ மாதா சிலையோ துணைக்கு இருக்கட்டும் என்று பெட்டியில் வைப்பது நமக்கு இயல்பு. சவூதியில் வழிபாட்டுச் சிலைகள் தடைசெய்யப்பட்டவை. அதைவிட ஆபத்தானது மந்திரித்த நூல் கட்டிய துணிப் பொம்மையும் தாயத்தும். சூனியம் அங்கே குற்றம். அதைப் பிடிப்பதற்கென்றே அந்நாட்டு மதப் பொலிஸில் 2009இல் ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. 2012இல் ஜித்தாவில், கடைத்தொகுதியில் இலங்கைப் பெண் ஒருவர் அருகில் வந்தபின் தன் 13 வயது மகளின் நடத்தை மாறிவிட்டது என்று ஒருவர் முறையிட, அந்தப் பெண் சூனியச் சந்தேகத்தில் கைதானார். கைதானவர் தம் நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கேட்கலாம். 1963ஆம் ஆண்டின் வியன்னா கொன்சியூலர் உடன்படிக்கையின் 36ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது.

ஜேர்மனியில் சிக்கல் வேறு. இணையத்தோடு இணைந்து பிள்ளையோடு பேசும் ‘மை பிரெண்ட் கெய்லா’ என்ற பொம்மையை, மறைவாக ஒட்டுக்கேட்கும் கருவி என்று 2017 பெப்ரவரியில் அந்நாட்டு அதிகாரிகள் தடைசெய்தார்கள். வைத்திருப்பவர்கள் அதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். வேறு நாட்டுக் கடையில் மலிவாகக் கிடைத்தது என்பதற்காக அதைப் பரிசாகக் கொண்டுபோக முடியாது.

அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பார்ப்பது பூச்சியையும் விதையையும். வைக்கோல் அடைத்த பொம்மை, பனையோலைப் பொம்மை, பட்டையோடு கூடிய மரப்பொம்மை எல்லாவற்றையும் வருகைப் படிவத்தில் காட்ட வேண்டும். காட்டினால் பார்த்துவிட்டுத் தரலாம், சுத்திகரிக்கச் சொல்லலாம், எடுத்தும் கொள்ளலாம். மறைத்தால் தண்டப்பணம், நியூசிலாந்தில் அது உடனடியாக 400 டொலர். களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணியில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. 2011இல் இங்கிலாந்தின் ஈடன் புரொஜெக்ட், தான் விற்ற குன்றிமணிக் கைச்சங்கிலிகளைத் திருப்பி வாங்கியது. சிறு பிள்ளையின் கைக்குப் போகும் பொம்மையில் குன்றிமணி எந்த நாட்டிலும் வேண்டாம்.

நம் நாட்டை விட்டு வெளியேறும்போதும் கட்டுப்பாடு உண்டு. ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட பொருட்களைத் தொல்பொருளாகக் கருதி அனுமதி கேட்பது வழக்கம். பாட்டன் காலத்து மரப்பாவையையோ முகமூடியையோ கொண்டுபோகிறவர் தொல்பொருள் திணைக்களத்தில் முன்பே விசாரிக்க வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி எல்லை நூறு வருடம். சென்னையில் வாங்கிய புது வெண்கலப் பொம்மை பழசு போலத் தெரிந்தால் கேள்வி வரும், கடை ரசீது அங்கே கைகொடுக்கும். பாசிக்குடாப் பக்கம் வாங்கிய சிப்பிப் பொம்மையில் முருகைக்கல் ஒட்டியிருந்தால் அதை விட்டுவிடுவதே நல்லது. முருகைக்கல் வனசீவராசிச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது.

உடைந்தால், தொலைந்தால்

பெட்டியைத் திறந்தபோது கொலுப் பொம்மையின் கழுத்து முறிந்திருக்கிறது. “உடையக்கூடிய பொருள், எங்களுக்குப் பொறுப்பில்லை” என்று நிறுவனத்தின் ஊழியர் சொல்கிறார். அது முழு உண்மை அல்ல.

1999ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கை 2009 முதல் இந்தியாவுக்கும் 2019 முதல் இலங்கைக்கும் பொருந்துகிறது; வளைகுடா நாடுகளும் அதில் இருக்கின்றன. அதன்படி, ஒப்படைத்த பெரிய பொதி நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தபோது சேதமானால் நிறுவனமே பதில் சொல்ல வேண்டும். பொருளின் சொந்தக் குறைபாட்டால் சேதம் வந்தது என்று காட்டினால்தான், அந்த அளவுக்கு அது தப்பலாம். பொறுப்பை முழுதாகக் கைகழுவும் ஒப்பந்த வாசகம் எதுவும் செல்லாது என்கிறது 26ஆம் உறுப்புரை. கைப்பையில் உடைந்தால் கதை வேறு: தவறு நிறுவனத்தினுடையது என்று பயணியே காட்ட வேண்டும்.

நட்டஈட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் பயணி ஒருவருக்கு 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமை (எஸ்டிஆர் என்ற சர்வதேசக் கணக்கலகு), ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர். ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்ற கணக்கு இல்லை. அது வரம்பு மட்டுமே; பொம்மையின் விலையைக் காட்டினால்தான் பணம். வரம்பைவிட விலை கூடிய பொம்மையானால், பொதியை ஒப்படைக்கும்போதே பெறுமதியை எழுத்தில் அறிவித்து, கேட்டால் மேலதிகக் கட்டணமும் கட்ட வேண்டும்.

சேதத்துக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய, பொதி கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாள். தாமதமாக வந்த பொதிக்கு 21 நாள். 21 நாளாகியும் வராத பொதி தொலைந்ததாகக் கொள்ளப்படும். வழக்குப் போட இரண்டு வருடம். பொதி மண்டபத்தை விட்டு வெளியேறுமுன் நிறுவனத்தின் கருமபீடத்தில் ‘பிஐஆர்’ எனப்படும் பொதிக் குறைபாட்டு அறிக்கைப் படிவத்தை நிரப்பி இலக்கம் வாங்குவது முதல் வேலை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்த பிறகுதான் சேதம் தெரிந்தது என்றாலும், அந்த 7 நாளுக்குள் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தால் உரிமை இருக்கிறது.

கட்டும்போதே இந்தக் கணக்கை நினைத்துக்கொண்டால் நல்லது. மண்பொம்மையின் குழிவிலும் கழுத்தைச் சுற்றியும் பழந்துணி அடைத்து, குமிழித் தாளில் சுற்றி, நாலு பக்கமும் உடுப்பு வரும்படி பெட்டியின் நடுவில் வைக்க வேண்டும். மூடுமுன் ஒரு படம். ரசீதின் படம் இன்னொன்று.

பொதி மண்டபத்துக்கு வெளியே தவறவிட்ட பொம்மைக்குப் பொறுப்பு விமான நிறுவனம் அல்ல. அதை விமான நிலையத்தின் தொலைந்த பொருள் பிரிவில் தேட வேண்டும். 2015இல் அமெரிக்காவின் தம்பா விமான நிலையத்தில் ஆறு வயதுச் சிறுவன் தவறவிட்ட துணிப்புலியை ஊழியர்கள் பத்திரமாக வைத்து, விமான நிலையம் முழுக்கச் சுற்றிக்காட்டிப் படமும் எடுத்துப் புத்தகமாக்கிக் கொடுத்தார்கள். எல்லா இடத்திலும் இப்படி நடக்காது. பொம்மையின் உட்பக்கத் துணியில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதியிருந்தால் திரும்பி வர வழி இருக்கும்.

யாரிடம் போவது

முதலில் விமான நிறுவனத்துக்கு எழுத்தில். பதில் சரியில்லை என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. கடை விற்ற பொம்மையிலேயே குறை என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, தொலைபேசி 1977. வேலைக்குப் போன இடத்தில் சிக்கல் என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், தொலைபேசி 1989. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு மட்டக்களப்பில் இருக்கிறது. அதிகாரி முறைகேடாக நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகமும் அங்கே உண்டு. கொழும்பிலிருந்து போய்வரும் இருவழிப் பயணச்சீட்டு எடுத்தவருக்கு முடிவிடம் கொழும்புதான். ஆகவே வெளிநாட்டு நிறுவனத்தின் மேலும் இங்கேயே வழக்குப் போடலாம்.

அரச அலுவலகத்துக்குப் போகும் முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் அந்த உரிமையைத் தருகிறது. படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழில் கேட்க வேண்டும், விளங்காத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. கடிதத்தை நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பினால் தபாற்கந்தோர் தரும் சீட்டை, பொம்மையின் ரசீது, பிஐஆர் இலக்கம், பயணச்சீட்டு ஆகியவற்றோடு ஒரே உறையில் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும்.