கோழித் தீனும் குடா நீரும்

கிண்ணியாவில் என் மாமாவின் கோழிப் பண்ணை தம்பலகாமக் குடாவை ஒட்டி இருக்கிறது. மாரி மழையில் எச்சம் கரைந்து குடாவில் சேரும். பிறகு கரையோரம் பச்சைப் பாசி படரும். “கோழி தின்றது தவிடும் சோளமும்தானே, அதில் என்ன நஞ்சு?” என்று உம்மா கேட்டார். விடை தேடினேன்.

நஞ்சு அல்ல, மிஞ்சிய சத்து. தானியங்களிலுள்ள பொசுபரசில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைற்றேற்று என்னும் சேர்வையில் கட்டுண்டு கிடக்கிறது. அதை அவிழ்க்கும் நொதியம் கோழியின் குடலில் போதியளவு இல்லை. பெரும்பகுதி எச்சத்தோடு வெளியேறுகிறது. எலும்பு வலுப்பெறவென்று தீனில் மேலும் பொசுபேற்றுச் சேர்க்கிறார்கள். நீரில் சேரும் பொசுபரசு பாசியை வளர்க்கிறது. பாசி அழுகும்போது ஒட்சிசன் குறைந்து மீன்கள் திணறுகின்றன.

பன்றி, கோழிப் பண்ணைகளின் எரு பெருஞ்சுமையாகிவிட்ட நெதர்லாந்தில், 1991இல் பைற்றேசு என்னும் நொதியம் தீனில் கலப்பதற்காக விற்பனைக்கு வந்தது. பூஞ்சணத்திலிருந்து பெறப்படும் அது அந்தக் கட்டை அவிழ்ப்பதால், எச்சத்திலுள்ள பொசுபரசு மூன்றில் ஒரு பங்களவு குறையக்கூடும். கோதுமைத் தவிட்டிலும் இது இயற்கையாக உண்டு. கடும் வெப்பத்தில் அழிந்துவிடும்.

ஆயினும் நொதியம் மட்டும் போதாது. எச்சத்தை மழைபடாமல் மூடிவைத்து வயலுக்கு எருவாக்க வேண்டும். மாமாவிடம் இரண்டையும் சொன்னேன். உம்மா ஆக்கும் மீன்கறி அந்தக் குடாவிலிருந்துதானே வருகிறது!