ஈற்றில் கசியும் ரத்தம் இதயத்தைத் தொடும்போது

பல் தேய்த்துத் துப்பும்போது ரத்தம் தெரிந்தால் பலரும் அந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டுவிடுகிறோம். வலி இல்லையே என்ற தைரியம். ஈறு நோய் வருடக்கணக்கில் வளர்வதே அந்தத் தைரியத்தால்தான்.

பல்லின் அடியில் படியும் காரை, பாக்டீரியாக்களின் குடியிருப்பு. ஈறு வீங்கிப் பல்லை விட்டு விலகும்; இடையில் பை போல ஒரு பள்ளம் உண்டாகும். ஆழம் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் இயல்பு. அதைத் தாண்டினால் பிரஷ் எட்டாது. பள்ளத்தின் உட்சுவர் புண்ணாகிவிடும். கையில் ஆறாத புண் இருந்தால் சும்மா இருப்போமா? வாயில் இருப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

சோறு மெல்லும்போதும் பல் தேய்க்கும்போதும் இந்தப் புண் வழியே பாக்டீரியாக்கள் ரத்தத்தில் நுழைகின்றன. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு அவை சீக்கிரமே அழிந்துவிடும். இதய வால்வு பழுதானவரின் கதை வேறு. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் வால்வைத் தழும்பாக்கிவிடும். நம் நாட்டில் இன்னும் அப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் ஏராளம். வாயில் வாழும் சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் பசை போன்ற சர்க்கரைப் பொருளைச் சுரந்து அந்தத் தழும்பில் ஒட்டிக்கொள்கின்றன. ரத்தத் தட்டணுக்களும் ரத்தத்தின் நார்ப்புரதமும் அவற்றின் மேல் படிந்து கட்டியாகின்றன. வெள்ளையணுக்கள் அதற்குள் எளிதில் புக முடியாது. கட்டியிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

எண்டோகார்டைட்டிஸ் என்ற இந்த நோயைப் பற்றி 1885இல் மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் லண்டனில் விரிவுரைகள் ஆற்றியபோது மருந்தே கிடையாது. இன்று பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் நரம்பு வழி ஆன்டிபயாடிக். சிலருக்கு வால்வையே மாற்ற வேண்டும். ஆரம்ப அறிகுறி பெரும்பாலும் விட்டுவிட்டு வரும் காய்ச்சல்தான். மருந்துக்கடையில் கேட்டு நாலு மாத்திரை விழுங்கினால் காய்ச்சல் அடங்கும். பிறகு ரத்தப் பரிசோதனையில் கிருமி வளராது, நோய் மறைந்தே இருக்கும். இது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம்.

ஈறு நோயே மாரடைப்பை உண்டாக்குகிறது என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். இரண்டும் சேர்ந்து காணப்படுவது உண்மை; ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்பது நிரூபணமாகவில்லை. வால்வுத் தொற்று விஷயத்தில் அந்தச் சந்தேகம் இல்லை.

பல் பிடுங்குமுன் ஆன்டிபயாடிக் எல்லோருக்கும் தேவையில்லை. செயற்கை வால்வு பொருத்தியவர், முன்பே இந்தத் தொற்று வந்தவர் போன்ற சிலருக்கு மட்டும் போதும் என்று 2007இல் அமெரிக்க இதயச் சங்கம் வரையறுத்தது. தினமும் மெல்லுவதிலும் தேய்ப்பதிலும் நுழையும் கிருமிகளை எந்த மாத்திரையாலும் தடுக்க முடியாது. சுத்தமான ஈறுதான் காப்பு.

‘கிளீனிங் செய்தால் பல் ஆடும்’ என்று பயப்படாதீர்கள். காரை எலும்பை அரித்திருந்தால் பல் ஏற்கெனவே ஆடத் தொடங்கியிருக்கும். காரை அகன்றதும் அது தெரியவருகிறது. இதயத்தில் குறை உள்ளவர்கள், பல் டாக்டரின் நாற்காலியில் உட்காரும்போதே அதை முதலில் சொல்லிவிடுங்கள்.